ஓரியின் அம்பும் ஒற்றை போனும்

கேள்வி: கொரோனாவில் இருவர் கூடி புரோகிராம் எழுதும் வகுப்புகூட ஆன்லைனுக்குப் போனதே! கொல்லிமலையில் நடக்குமா? (வாசகர், செம்மேடு)

பதில்: ஒருவர் தட்ட, பக்கத்தில் இருப்பவர் பிழை பிடிக்க, ஒரே கீபோர்டுக்கு இரண்டு தலை. அதுதான் ‘பேர் புரோகிராமிங்’ (நம்ம ஊர் ‘ரெண்டு பேர்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள்). 2020 மார்ச்சில் பள்ளி, கல்லூரிகளை மூடியதும் நகரத்துப் பிள்ளைகள் ஜூமில் திரையைப் பகிர்ந்து ஒப்பேற்றினார்கள். கொல்லிமலையிலோ, 70 கொண்டை ஊசி வளைவு ஏற சிக்னலுக்கு மூச்சு வாங்காதா? கல்வித் தொலைக்காட்சி ஓடியது. அதனிடம் சந்தேகம் கேட்க முடியாது.

இதே கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்திய கதை புறநானூற்றில் உண்டு. ஒரே போனில் அண்ணன், தங்கை, சித்தப்பா பையன் எல்லோரும் பாடம் படித்தால் அதுவும் ஓரி வம்சம்தான். கூடி எழுதத் தேவையான நெருக்கம் தயார். சார்ஜ்தான் 4 சதவீதம்.