குபேரனைக் கும்பிட்ட மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. நம்ம திருவண்ணாமலையில குபேர கிரிவலம் போய்ட்டு வந்தியாமே? 14 கிலோமீட்டரும் வெறுங்காலோட நடந்து, எட்டு லிங்கத்துல குபேர லிங்கத்துக்கிட்ட மட்டும் அரை மணி நேரம் நின்னு, வீட்டுக் கடன் சாங்ஷன் ஆவணும்னு வேண்டிக்கினியாம். உங்க அத்தை சொன்னா.

சரியான ஆள்கிட்டதான் போயிருக்கே. வட்டிக்கு விடறதுல அவருக்கு இருக்கிற அனுபவம் யாருக்கு உண்டு? திருப்பதிப் பெருமாளே கல்யாணச் செலவுக்கு அவர்கிட்ட கை நீட்டுனவருதானே. கலியுகம் முடியற மட்டும் வட்டி கட்டறதா பேச்சு. அவருக்கு உண்டியல் ரொம்புது, கட்டறாரு. உனக்குத் தேரடித் தெருவுல ஒரு பாத்திரக் கடை. அதுலயும் பாதி வியாபாரம் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும்தான்.

வேங்கிக்கால் பக்கம் வீடு பாத்தே. வாசல் வடக்கா கிழக்கான்னு மூணு ஜோசியருகிட்ட கேட்டே. சமையல்கட்டு அக்கினி மூலையில இல்லன்னு வெலையில அம்பதாயிரம் குறைச்சே, கெட்டிக்காரன். 20 வருஷம் யாருக்கு அடிமை சாசனம் எழுதப் போறோம்னு மட்டும் யாரையும் கேக்கல. டீக்கடையில ஒரு புரோக்கர் விசிட்டிங் கார்டு நீட்டினான், வாங்கிப் பையில போட்டுக்கினே. விசாரணைன்னா இதுதான்டா விசாரணை!

அவன் இன்னா சொன்னான்? வீட்டு வெல மொத்தமும் கடனா வாங்கித் தரேன்னானா? 30 லட்சம் வரைக்குமான கடன்னா வீட்டு மதிப்புல 90 சதவீதத்துக்கு மேல தரக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் கோடு கிழிச்சு வெச்சிருக்கு. மிச்சத்தை பர்சனல் லோனா, ஒசந்த வட்டியில தலையில கட்டுவான். உன் வீடு 28 லட்சம். பத்து சதவீதம் உன் கைக்காசு. பத்திரப் பதிவுக்கு முத்திரை ஏழும் கட்டணம் ரெண்டுமா ஒம்பது சதவீதம். அஞ்சு லட்சத்துக்கு மேல ரொக்கம் வேணும். கிரகப்பிரவேசத்துக்கு ஆயிரம் பேருக்குச் சாப்பாடுன்னு வேற சொல்லிக்கினு திரியறே. போடு, போடு.

பேங்க்குல மூஞ்சி குடுத்தே பேசலன்னு கோவப்படறியே, அது அவங்க தப்பில்ல கண்ணு. வருமான வரிக் கணக்குல கடையில ஈ ஓட்டறேன்னு எழுதிக் குடுத்தே. வரி மிச்சம். பாவம், பேங்க்காரன் நீ எழுதினதை அப்படியே நம்பிட்டான். அப்புறம் ஹவுசிங் ஃபைனான்ஸ்காரன் வந்து கல்லாவைப் பாத்தான், கூட்டத்தைப் பாத்தான், அவனே ஒரு வருமானம் போட்டுக்கினான், தரேன்னுட்டான். பேங்க்குல எட்டரைன்னா இவங்கிட்ட பத்தரை. ரெண்டே ரெண்டு சதவீதந்தானே மாமான்றே. 25 லட்சத்துக்கு அந்த ரெண்டு, மாசம் 3,200 ரூபாய்க்கு மேல. 20 வருஷத்துக்குக் கணக்குப் போட்டா 7.8 லட்சம். ரெண்டு வருஷம் ஒழுங்காக் கணக்குக் காட்டிட்டு அதே பேங்க்குக்குப் போனா வரியில எவ்வளவு போவும்னு ஆடிட்டர்கிட்ட கேட்டுட்டு வந்து என்கிட்ட சிரி.

நகைக் கடன் வாங்கி வாங்கியே பேங்க் பாஷை கத்துக்கினவன் நான். அதனால ஃபிக்ஸடா ஃப்ளோட்டிங்கான்னு கேட்டியே, அதைச் சொல்றேன். ஃபிக்ஸடுன்னா கடைசி வரைக்கும் ஒரே வட்டின்னு நெனைக்காதே. பல இடத்துல ரெண்டு மூணு வருஷந்தான் அந்த ஃபிக்ஸட், அப்புறம் அதுவும் மெதக்க ஆரம்பிச்சிரும். ஃப்ளோட்டிங்ன்னா எதைப் புடிச்சிக்கினு மெதக்குதுன்னு கேளு. 2019 அக்டோபர்லேந்து பேங்க்குங்க புதுசாக் குடுக்கிற ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை ரிசர்வ் பேங்க்கோட ரெப்போ வட்டி மாதிரி வெளி அளவுகோல்ல கட்டியே ஆவணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது வட்டியைத் திருத்தணும். ஹவுசிங் ஃபைனான்ஸ்காரனுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. அவன் அளவுகோலை அவனே செஞ்சு வெச்சிருக்கான். வட்டி ஏறும்போது அதுக்குக் கால் நாலு, எறங்கும்போது மூட்டு வலி.

ஏறினா இன்னா ஆவும்னு கேளு. ரெப்போ 2020 மே மாசம் 4 சதவீதம். 2022 மே வரைக்கும் அங்கயே படுத்துக் கெடந்தது. 2023 பிப்ரவரியில 6.50. ஒருத்தன் 6.75 வட்டியில 25 லட்சம் வாங்கி, 20 வருஷத்துக்கு மாசம் 19,009 ரூபா கட்டறான்னு வையி. ரெண்டரை சதவீதம் ஏறி 9.25 ஆச்சுன்னா 25 லட்சத்துக்கு வட்டி மட்டுமே மாசம் 19,270. தவணை அப்படியே இருக்குதேன்னு அவன் சந்தோசமா இருப்பான். கடன் பாட்டுக்கு அவன் பேரன் காலம் வரைக்கும் நீண்டுக்கினு போவும். இந்தக் கூத்துக்குத்தான் 2023 ஆகஸ்ட்ல ரிசர்வ் பேங்க் ஒரு உத்தரவு போட்டுச்சு: தவணையை ஏத்தறதா, வருஷத்தை நீட்டறதான்னு கடன் வாங்கினவனைக் கேக்கணும்னு. லெட்டர் வந்தா அடுப்பு பத்த வெச்சிராதே, படி.

மெதக்கற வட்டியில ஒரு நல்லது உண்டு. வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா தனி ஆளுக்கு அபராதம் கெடையாது. தீப சீசன் காசுல வருஷத்துக்கு ஒரு தவணை சேத்துக் கட்டு. எட்டரை வட்டியில 20 வருஷக் கடன் பதினாறரை வருஷத்துல முடிஞ்சிரும். புதுசா புல்லட்டு வாங்கணும்னு தோணும், எனக்குத் தெரியும்.

இப்ப சொல்றதுல கிண்டல் இல்ல. ஒரு பேங்க் தர மாட்டேன்னா, வேற பேங்க்குக்கு ஓடறதுக்கு முன்னால ஏன்னு கேளு. மூலப் பத்திரம், வில்லங்கம், பட்டா, டி.டி.சி.பி. அப்ரூவல்னு அவங்க வக்கீல் நோண்டறது உனக்காவவும்தான். மலைச் சரிவுல சல்லிசா வருதுன்னு இன்னொரு எடம் காட்டினானாமே அந்தப் புரோக்கர். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில, வ.உ.சி. நகர்ல மண்ணும் பாறையும் சரிஞ்சு ஏழு உசுரு போச்சு. அந்த எடத்துக்கு எவன் எவ்வளவு குறைச்ச வட்டியில குடுத்தாலும் நீ போவக் கூடாது.

கையெழுத்துப் போடறதுக்கு முன்னாலயே முக்கிய விவரச் சீட்டுன்னு ஒண்ணு குடுக்கணும். வட்டி, ப்ராசஸிங் ஃபீஸ், எல்லாச் செலவையும் சேத்து உண்மையில வருஷத்துக்கு எத்தினி சதவீதம்னு அதுல போட்டிருக்கும். உன்னைக் கேக்காமயே ஒரு இன்சூரன்ஸ் பிரீமியத்தைக் கடன்ல சேத்திருந்தா அங்க மாட்டும். ராகு காலம் வந்துரும்னு அவசரப்படுத்தினா, நாளைக்கும் நல்ல நேரம் இருக்குதுன்னு சொல்லிட்டு எழுந்து வா.

கடன் தீந்த 30 நாளுக்குள்ள பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும். அவங்க தப்பால தாமசமானா நாள் ஒண்ணுக்கு 5,000 ரூபா உனக்குத் தரணும், அதுவும் சட்டம். உடனே மூஞ்சி மலருது பாரு! பத்திரம் கெடைக்காமப் போவட்டும்னு அடுத்த பௌர்ணமிக்கு வேண்டிக்கப் போறியா?