சைக்கிளில் மோட்டார் மாட்டி அல்வாலில் சட்டப்படி ஓட்டுவது எப்படி?

சைக்கிளில் எஞ்சின் மாட்டுவது பெரிய விஷயம் இல்லை. செகந்திராபாத்தை ஒட்டிய எங்கள் அல்வாலில் அதற்கு ஆள் பஞ்சமும் இல்லை. பக்கத்துத் திருமலகிரியில் ராணுவத்தின் எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் பிரிவான இஎம்இயின் மையம் இருக்கிறது. லாரி முதல் ரேடார் வரை பிரித்து மாட்டிப் பழகியவர்கள் பலர் ரிடையர் ஆனதும் ஊருக்குப் போகாமல் லோதுகுண்டா, பொல்லாரம், பழைய அல்வால் என்று இங்கேயே வீடு கட்டிக்கொண்டு விடுகிறார்கள். என் எதிர்வீட்டு சுபேதார் ஐயா அப்படித் தங்கிய வேலூர்ப் பக்கத்துக்காரர். டாங்க் எஞ்சினைத் தொட்ட கைக்கு மிக்ஸி ரிப்பேர் எத்தனை நாளைக்குக் காணும்? ஒரு தீபாவளி லீவில் பேரனின் பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டார். லீவு முடிவதற்குள் அது மிதிக்காமலே காம்பவுண்டைச் சுற்றி வந்தது.

காம்பவுண்டுக்குள் சுற்றும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட் திறந்து ராஜீவ் ரகதாரி நெடுஞ்சாலையில் ஏற்றும்போதுதான் இந்த வழிகாட்டி உங்களுக்குத் தேவைப்படும். ஐயாவுக்காக நான் சட்டப் புத்தகம் படித்த ஆறு மாதத்தின் சாரம் இது. படித்துவிட்டு மாட்டிக்கொண்டால் என் பெயரைச் சொல்லாதீர்கள்.

முதலில் எஞ்சின். செகந்திராபாத் ராணிகஞ்சுக்குப் போனால் பம்ப்செட்டிலிருந்து பேரிங் வரை கிடைக்கும். அங்கே உங்கள் கண் தானாக ஒரு பழைய டிவிஎஸ் 50 எஞ்சின் மேல் விழும். விழத்தான் செய்யும். 1980இல் ஓசூரிலிருந்து வந்த அந்த மொபெட்டில் முன்னால் அரிசி மூட்டை, பின்னால் அத்தை, நடுவில் மாமா என்று போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் அந்த எஞ்சினை வாங்காதீர்கள். அதன் நம்பர் வேறு யாருடைய ஆர்சி புத்தகத்திலோ இருக்கிறது. உங்கள் சைக்கிளின் நம்பரோ பெடல் அச்சுக்கு அடியில், இதுவரை யாரும் குனிந்து பார்க்காத இடத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் முழு வண்டி ஆகாது, இரண்டு அரை வண்டிதான் ஆகும். அதிலும் 50 சிசி என்றாலே அது மோட்டார் வாகனம். பதிவு வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். பதிவில்லாத வண்டிக்கு 192ஆம் பிரிவில் முதல் தடவையே 5,000 ரூபாய் வரை, லைசென்ஸ் இல்லாததற்கு 181இல் 5,000, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196இல் 2,000, ஹெல்மெட் இல்லாததற்கு 1,000. இது 2019 திருத்தத்துக்குப் பிறகான மத்தியச் சட்டத்தின் கணக்கு. சைக்கிளின் விலையை நீங்களே ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள்.

“சரி, பதிவே பண்ணிடலாமே தம்பி” என்றார் ஐயா. ராணுவத்தில் இருந்தவருக்குப் படிவம் என்றால் பயம் கிடையாது. நீங்களும் அப்படிப்பட்டவராக இருந்தால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். படிவம் 20 விண்ணப்பம். அதில் தகராறு இல்லை, உங்கள் பெயரும் முகவரியும்தான். படிவம் 21 விற்பனைச் சான்று. இந்த வண்டியை உங்களுக்கு விற்றது யார்? நீங்கள். வாங்கியது? நீங்களே. இரண்டு இடத்திலும் ஒரே கையெழுத்தைப் போட்டுவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகுங்கள். படிவம் 22 சாலையில் ஓடத் தகுந்தது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. தயாரிப்பாளர் யார் என்று கேட்டால் மாடிக்குப் போய் உங்கள் மருமகளிடம் கேளுங்கள். அந்தக் கிரீஸ் கறைக்கெல்லாம் யார் பொறுப்பு என்று அவருக்குத் தெரியும்.

தயாரிப்பாளர் ஆகிவிட்டால் மத்திய மோட்டார் வாகன விதி 126 உங்களுக்காகக் காத்திருக்கிறது. மாதிரி வண்டி ஒன்றை அரசு ஒப்புக்கொண்ட சோதனை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், அகில்யாநகரில் (பழைய அகமத்நகர்) பாதுகாப்புத் துறையின் விஆர்டிஇ. சென்னைப் பக்கத்து ஒரகடத்திலும் ஒன்று உண்டு, சொந்த ஊருக்குப் போகிற சாக்கில் வைத்துக்கொள்ளலாம். அங்கே பிரேக், ஹாரன், விளக்கு எல்லாம் பார்ப்பார்கள். புகை பாரத் ஸ்டேஜ் 6க்குள் இருக்க வேண்டும், 2020 ஏப்ரலிலிருந்து அதுதான் அளவு. ஐயாவின் டூ-ஸ்ட்ரோக் விட்ட புகையில் எதிர்வீட்டில் எங்களுக்குக் கொசுவர்த்தி செலவு மிச்சமானது. 123ஆம் விதிப்படி பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க இடம், புடவை சக்கரத்தில் சிக்காமல் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு. புடவை கார்டு இந்தியச் சட்டத்தில் இருக்கிறது என்பது எனக்கு இந்த ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே ஆனந்தம். ஒரு வண்டிக்காக இவ்வளவும் செய்தால் ஆகும் செலவில் ஒரு ஷோரூம் மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். அதைத்தான் சட்டமும் வேறு வார்த்தையில் சொல்கிறது. விற்பவரை அதற்குத் தெரியும், வாங்குபவரை, ஓட்டுபவரைத் தெரியும். ஆயிரக்கணக்கில் தயாரிப்பவரை நன்றாகவே தெரியும். தனக்கென்று ஒன்றே ஒன்று செய்துகொள்கிறவருக்கு அங்கே ஒரு படிவம்கூட இல்லை.

இந்த இடத்தில் யாராவது உங்களிடம் “பேட்டரி போடுங்க சார், ஆர்டிஏ தொல்லையே இல்லை” என்பார்கள். எல்லாத் தெருவிலும் ஒருவர் இருக்கிறார். சைக்கிள் சக்கரத்தில் பொருத்தும் ஹப் மோட்டார், கேரியரில் பேட்டரி. அவர் சொல்வதில் பாதி சரி. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவு, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள், நல்ல பிரேக், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டர், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர். இவ்வளவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல என்று விதி சொல்கிறது. அவர் சொல்லாமல் விட்ட மறுபாதி என்னவென்றால், இவ்வளவும் இருக்கிறது என்று அதே 126ஆம் விதி நிலையம் ஒன்று சோதித்து ஒப்புக்கொள்ள வேண்டும். மறுபடி புனே, மறுபடி மானேசர். தவிர, 250 வாட் என்று பெட்டியில் அச்சடித்த மோட்டார் 250க்குக் குறைவானதல்ல, 250தான். விதி எழுதியவர் கணக்கு வாத்தியாராக இருந்திருக்க வேண்டும்.

ஐயா இதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தார். சாயங்காலம் வந்து, “தம்பி, மின்சார மோட்டாருக்கு எத்தனை சிசி?” என்றார்.

“சிசியே கிடையாது ஐயா.”

“அப்ப பூஜ்யம். பூஜ்யம் 25க்குள்ள வருதா, இல்லையா?”

அவர் கேட்ட 25 எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வழிகாட்டியின் உயிர்நாடி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2ஆம் பிரிவில் 28ஆவது உட்பிரிவு. மோட்டார் வாகனம் என்றால் என்ன என்று அது நீளமாகச் சொல்லி, கடைசியில் எவையெல்லாம் மோட்டார் வாகனம் இல்லை என்றும் சொல்கிறது. தண்டவாளத்தில் ஓடுவது இல்லை. தொழிற்சாலைக்குள்ளேயே ஓடும்படி செய்தது இல்லை. நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, எஞ்சின் 25 கன சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருந்தால் அதுவும் இல்லை. ஒரு காலத்தில் இந்த எண் 35ஆக இருந்தது. குறைத்துவிட்டார்கள். இன்னும் குறைப்பதற்குள் நீங்கள் முந்திக்கொள்ள வேண்டும்.

இந்த வரிக்குள் நுழைந்துவிட்டால் பதிவு வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். எந்த நிலையத்துக்கும் அனுப்பிச் சோதிக்கவும் வேண்டாம், விதி 126 இந்த 25 சிசி பெட்ரோல்காரர் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சத்தமே போடாத 250 வாட் பேட்டரி மோட்டாருக்குச் சோதனைச் சான்று. புல் வெட்டும் மெஷினிலிருந்து கழற்றிய பெட்ரோல் எஞ்சினுக்கு எதுவும் இல்லை. அந்த எஞ்சின் தருவது சுமார் 720 வாட், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காற்று மாசு பற்றி நாடாளுமன்றத்தில் பேசுகிறவர்கள் யாராவது இந்த வரியைப் படித்தார்களா என்று தெரியவில்லை. படிக்காமலே இருக்கட்டும்.

ஆகவே ராணிகஞ்சில் கேட்க வேண்டியது புல்வெட்டி எஞ்சின். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஹோண்டாவின் ஜிஎக்ஸ்25 பெயர் பெற்றது. எடை மூன்று கிலோ அளவுதான், சைக்கிள் தாங்கும். கம்பெனி தாளில் 25 சிசி என்று இருக்கிறது. இதோடு விட்டிருக்கலாம். ஐயாவுக்கு விட மனசில்லை. அதே தாளில் சிலிண்டர் விட்டம் 35 மில்லிமீட்டர், ஓட்டம் 26 மில்லிமீட்டர் என்று பார்த்துவிட்டார். பேரனின் கால்குலேட்டரை வாங்கிப் பெருக்கினார். 25.015. தாண்டக் கூடாது என்பது சட்டம். தாண்டிவிட்டது.

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்று அவர் வீட்டு அம்மா வந்து சொன்னார்கள். ஓட்டத்தை 0.016 மில்லிமீட்டர் குறைத்தால் சரியாகிவிடும், ஒரு தலைமுடியின் பருமனில் கால்வாசி, லேத்தில் கொடுத்தால் ஆகாதா என்று காலையில் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நீங்களும் செய்யாதீர்கள். கம்பெனி தாளை நாலு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நிற்கிறவரிடம் தாள் செல்லும், பெருக்கல் செல்லாது. ஆனால் மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் வரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் 26 சிசி ரகம் நிறைய உண்டு, விலையும் மலிவு. அதன் தாளிலேயே 26 என்று இருக்கும். அதைத் தொட்டால் திரும்பவும் படிவம் 20க்குப் போய்விடுவீர்கள்.

ஹோண்டா பெயர் வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1946இல் ஜப்பானின் ஹமாமட்சுவில் சொய்சிரோ ஹோண்டா செய்ததும் இதே வேலைதான். ராணுவம் விட்டுப்போன வயர்லெஸ் ஜெனரேட்டர்களின் சின்ன எஞ்சின்கள் ஐந்நூறு போல அவர் கைக்குக் கிடைத்தன. அவற்றைச் சைக்கிளில் பொருத்தினார். முதல் வண்டியின் பெட்ரோல் டேங்க், குளிரில் படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவை. அதற்கும் முன்னால், 1885இல் டைம்லரும் மைபாக்கும் ஜெர்மனியில் மரச்சட்டத்தில் எஞ்சின் வைத்துச் செய்த இரு சக்கர வண்டி 264 சிசி. லோதுகுண்டா சிக்னலில் அது ஐந்து நிமிடம் தாங்காது. ஐயாவின் பெட்ரோல் டேங்க் பழைய எவர்சில்வர் வாட்டர் பாட்டில். ஹமாமட்சு கதையைச் சொன்னதும் அதை அவர் துடைக்கிற விதமே மாறிவிட்டது.

25 சிசியில் மனம் நிறையாதவர்களுக்கு ஹைதராபாத் இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. ஊரின் மறுகோடியில், பகதூர்புராவில், மிருகக்காட்சி சாலைக்குப் பக்கத்தில் சுதா கார்ஸ் மியூசியம். சுதாகர் என்பவர் தன் பட்டறையில் செய்த வண்டிகள்: கிரிக்கெட் மட்டை, ஷூ, பர்கர் என்று கண்ட உருவத்திலும் எஞ்சின் வைத்து ஓட்டிக் காட்டியிருக்கிறார். 2005 ஜூலை 1ஆம் தேதி அவர் ஹைதராபாத்தில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளின் உயரம் 41 அடி 7 அங்குலம், கின்னஸ் சாதனை. டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜனங்கள் பார்க்கிறார்கள். கையால் செய்த வண்டிக்கு மரியாதை வேண்டுமென்றால் அதை நிறுத்திவைத்துவிட வேண்டும். ஐயாவை ஒருமுறை கூட்டிப் போனேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “செயின் டென்ஷன் சரியில்ல” என்றார்.

இனி தெருவில் இறங்கலாம். மோட்டார் வாகனம் இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். பொதுச் சாலையில் எந்த வண்டியை ஓட்டினாலும் உயிருக்கு ஆபத்து வரும்படி ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு வரும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யார் மீதாவது மோதினால் பணம் தர இன்சூரன்ஸ் கம்பெனி வராது, உங்கள் பென்ஷன்தான் வரும். ஆகவே இரண்டு பிரேக்கும் புதிதாகப் போடுங்கள். சைக்கிள் பிரேக் மிதிக்கிற வேகத்துக்குச் செய்தது. ஹெல்மெட் கட்டாயமில்லை, போட்டுக்கொள்ளுங்கள். ரிஃப்ளெக்டர் இரண்டையும் ஒட்டுங்கள். ரகதாரியில் கரீம்நகர் பஸ்ஸோடு போட்டி வேண்டாம், உள்தெருவாகவே பொல்லாரம் வரை போய் வரலாம்.

கடைசி வேலை நம்பர் பிளேட். உங்களுக்கு நம்பர் கிடையாது. இந்த மாநிலத்தில் ஏபி போய் டிஎஸ் வந்து, 2024 மார்ச்சில் டிஎஸ் போய் டிஜி வந்தது. அந்த மூன்றும் உங்களைத் தொடாது. ஆனால் பின்னால் வெறுமையாக இருந்தால் போலீஸுக்குக் கை அரிக்கும். ஐயா செய்ததைச் செய்யுங்கள். 2ஆம் பிரிவின் 28ஆவது உட்பிரிவை ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் டைப் அடித்து, லேமினேஷன் போட்டு, பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு போல்ட்டால் முடுக்கியிருக்கிறார். யாராவது “பண்டி ஆர்சி ஏதி?” என்று கேட்டு நிறுத்தினால் எஞ்சினை அணைத்துவிட்டுக் காலைப் பெடலில் வையுங்கள், பின்னால் கையைக் காட்டுங்கள். அவர் நிதானமாகப் படிக்கட்டும். நம் ஊர் டிராஃபிக் போலீஸ் படம் எடுக்காமல் விடமாட்டார்கள். எடுத்தால் தடுக்காதீர்கள். சலான் போடுவதற்கு அந்தப் படத்தில் நம்பர் இருக்காது, சட்டம் மட்டும்தான் இருக்கும்.