ரைட்-ஆஃப் மாமன்னர்

டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் ஏதாவது ஒரு தமிழ் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கேரேஜ் ஓரம் நிற்கும் ஆண்கள் கிரீன் கார்டு, வீட்டு வரி என்று புலம்பிக்கொண்டிருப்பார்கள். நம்மவர் மட்டும் புலம்ப மாட்டார். "நீங்கள்லாம் டபிள்யூ-2 பாஸ். கம்பெனி குடுக்கிறதை வாங்கிக்கணும். நான் 1099. பிசினஸ் ஓனர்" என்பார். டபிள்யூ-2 என்பது சம்பளக்காரர்களுக்கு வரும் வரிப் படிவம்; 1099 தனியாக ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. அந்த பிசினஸின் மொத்தச் சொத்து ஒரு லேப்டாப், ஒரு சுழல் நாற்காலி, ஒரே ஒரு கிளையன்ட்.

சம்பளத்தில் இருந்தபோது மணிக்கு 65 டாலர். 1099 ஆனதும் 80. கூடுதலாக வரும் அந்தப் 15 டாலரை, முதல் இன்வாய்ஸ் அனுப்பும் முன்பே மனதுக்குள் மூன்று விதமாகச் செலவழித்துவிட்டார். ஒரு விஷயத்தைத்தான் கவனிக்கவில்லை. சம்பளக்காரரிடம் சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமாக 7.65 சதவீதம் பிடித்தால், கம்பெனியும் தன் பங்குக்கு இன்னொரு 7.65 போடும். தானே முதலாளி என்று சொல்லிக்கொள்பவருக்கு அந்த முதலாளிப் பங்கை யார் போடுவார்கள்? அவரேதான் போட வேண்டும். ஆக மொத்தம் 15.3. நிகர வருமானத்தில் 92.35 சதவீதத்தின் மேல் இந்தக் கணக்கு. செலவெல்லாம் போக ஒரு லட்சம் டாலர் நின்றால், ஏறக்குறைய 14,130 டாலர் இதற்கே போய்விடும். வருமான வரி தனி. இதில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம் தரும் ஆறுதல். "டெக்ஸாஸ்ல மாநில வருமான வரியே கிடையாதே பாஸ்!" என்பது அவரே தனக்குச் சொல்லிக்கொள்வது.

முதல் வருஷம் ஏப்ரலில் இந்தத் தொகையைப் பார்த்தபோது வரிக் கணக்கு பார்க்கும் சி.பி.ஏ.வின் ஆபீஸிலேயே தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாராம். அன்று பிடித்தது ரைட்-ஆஃப் பித்து, அதாவது எதையும் தொழில் செலவாகக் காட்டி வருமானத்தில் கழிக்கும் பித்து. காபி குடித்தால் ரைட்-ஆஃப். ஹெட்போன் வாங்கினால் ரைட்-ஆஃப். "ரெண்டாயிரம் டாலர் மானிட்டர் பாஸ், ரைட்-ஆஃப்ல போயிடும்" என்று அவர் சொல்லும்போது, கடைக்காரர் அதைச் சும்மா கொடுத்தனுப்பியது போல முகத்தில் ஒரு மலர்ச்சி. நூறு டாலர் செலவழித்தால் வரியில் மிச்சமாவது முப்பது, முப்பத்தைந்து. மீதி சொந்தக் காசு. இதை யாராவது எடுத்துச் சொன்னால், "நீங்க இன்னும் எம்ப்ளாயீ மாதிரியே யோசிக்கிறீங்க" என்று தோளைத் தட்டுவார்.

கார் வாங்கப் போனால் எல்லோரும் மைலேஜ் கேட்பார்கள். இவர் எடை கேட்பார். 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு வரியில் கூடுதல் சலுகை உண்டு என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார். பாதிக்கு மேல் தொழிலுக்கு ஓட வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் காதில் விழவில்லை. வேலை வீட்டிலிருந்தே, வண்டி போவதோ பரதநாட்டிய வகுப்புக்கும் இந்தியன் ஸ்டோருக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார். வெண்டைக்காய் வாங்கப் போகிற வழியில் ஸ்டேஷனரி கடையில் நிறுத்தி ஒரு கட்டு பேப்பர் வாங்குவார். தொழிலுக்காக ஓடியதென்றால் 2025 கணக்குப்படி மைலுக்கு 70 சென்ட் கழிவு. வீட்டில் வெண்டைக்காயைவிடப் பேப்பர் அதிகம். ஓடிய மைல்களை அன்றன்றைக்கே குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார் சி.பி.ஏ. நம்மவர் ஏப்ரல் முதல் வாரத்தில், ஒரே இரவில், நான்கு நிறப் பேனாக்களால் ஒரு வருஷத்தையும் எழுதி முடிப்பார்.

வீட்டு ஆபீஸ் விவகாரம் இதைவிட உருக்கமானது. அந்த இடம் தொழிலுக்காக மட்டுமே, தவறாமல் பயன்பட வேண்டும் என்பது விதி. சதுர அடிக்கு 5 டாலர், அதிகபட்சம் 300 சதுர அடி என்ற எளிய கணக்கும் உண்டு. வீட்டில் காலியாக இருக்கும் ஒரே அறை, ஊரிலிருந்து அம்மா வந்தால் ஆறு மாதம் தங்கும் அறை. போன தடவை அம்மா வந்திறங்கிய மறுநாளே டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டது அம்மாதான்.

"எதுக்குடா அளக்குற? கட்டில் மாத்தப் போறியா?"

"இல்லம்மா. இது ஆபீஸ். நீ இங்க தங்கல."

"தங்கலயா? அப்ப நேத்து ராத்திரி நான் எங்கடா படுத்தேன்?"

"அதை யார்கிட்டயும் சொல்லாத."

பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. கழிக்கக் கிடைப்பது 600 டாலர். கட்டில், அம்மா, அலமாரியில் இருந்த முருகன் படம் மூன்றும் விதிக்கு உட்படாதவை என்று சி.பி.ஏ. கறாராகச் சொல்லிவிட்டார். நாற்காலி இருந்த மூலை மட்டும் தேறியது.

அந்த சி.பி.ஏ.வை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது. மளிகைப் பை நிறைய ரசீது வரும். பாதி வெளுத்து வெறும் தாளாகியிருக்கும். மகளின் அரங்கேற்ற மண்டப வாடகை ஒருமுறை 'கிளையன்ட் மீட்டிங்' என்ற தலைப்பில் வந்து சேர்ந்தது.

"கிளையன்ட் வந்திருந்தாரே சார், முன் வரிசையில உக்காந்திருந்தாரே!"

"கேளிக்கைச் செலவையெல்லாம் 2018-லயே எடுத்துட்டாங்க சார். வியாபாரம் பேசிக்கிட்டே சாப்பிட்டிருந்தா, அவர் சாப்பிட்ட சாம்பார் சாதத்துல பாதி வேணும்னா பார்க்கலாம்."

நம்மவர் யோசித்தார். "அவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார் சார்."

இத்தனை சாமர்த்தியம் உள்ளவருக்கு நான்கு தேதிகள் மட்டும் நினைவில் நிற்காது. சம்பளத்தில் வரி பிடிக்க ஆளில்லாததால், மதிப்பீட்டு வரியை ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்று நான்கு தவணையாகக் கட்ட வேண்டும். ஏப்ரல் தவணை கட்டிய களைப்பு தீருவதற்குள் ஜூன் வந்துவிடும்; அது வருகிற நேரம் பார்த்து ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பார். செப்டம்பரில் கொலு ஏற்பாடு என்று ஒரு பட்டியல். தவணை தவறினால் வட்டிக் கணக்கில் அபராதம் ஏறும்.

நவம்பர் கடைசியில் திடீரென்று மனைவியிடம் அன்பு பொங்கும். காலையில் காபி போட்டுக் கொடுப்பார். அம்மணிக்கு ஆஸ்பத்திரியில் டபிள்யூ-2 வேலை. சம்பளத்தில் பிடிக்கும் வரி எப்போது பிடித்தாலும், வருஷம் முழுக்கச் சீராகக் கட்டியதாகவே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்வதால், அது இவர் தவறவிட்ட தவணைகளையும் மூடி மறைக்கும். இந்த ஒரு விதியை மட்டும் நம்மவர் முழுசாகப் படித்திருக்கிறார். காபியோடு, சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தையும் நீட்டினார்.

"இந்த மாசமும் அடுத்த மாசமும் கொஞ்சம் கூடுதலாப் பிடிக்கச் சொல்லேன்மா."

"பிசினஸ் ஓனர் நீங்க. வரி பிடிக்கிறது என் சம்பளத்துலயா?"

"அதிலென்ன, உன் காசு என் காசுன்னு..."

அம்மணி கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையிலிருந்து நகைக்கடை பில் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். "ரெண்டு வளையல். இதை எதுல எழுதுவீங்களோ எழுதிக்கோங்க."

நம்மவர் பில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த கிளையன்ட் டின்னருக்கு இதைப் போட்டுக்கிட்டு வருவியா?"