ஆளுக்கொரு பாகை

முன்பெல்லாம் நோர்வேயில் இரண்டு தமிழர் சந்தித்தால் ஊர்ப் புதினம் பேசுவார்கள். இப்போது மின்சார விலை பேசுகிறார்கள். "நாளைக்குப் பின்னேரம் ஏறுதாம், உடுப்புத் தோய்க்கிறதெண்டால் ராத்திரிக்குத் தோயுங்கோ" என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னால், பூசை நேரத்தைவிடக் கவனமாக அதைக் குறித்துக்கொள்வோம். இங்கே வீடுகளைச் சூடாக்குவது பெரும்பாலும் மின்சாரம்தான். அறைக்கு ஒன்றாக, யன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிய தட்டை ஹீட்டர்கள். மறுநாளின் விலை முதல்நாள் மதியம் கழிய வெளியாகும். நேரத்துக்கு நேரம் மாறும். 2021 கடைசியில் அது ஏறிய ஏற்றத்தில், டிசம்பரிலிருந்து அரசாங்கமே வீடுகளின் பில்லில் ஒரு பங்கைத் தாங்கத் தொடங்கியது.

அந்தக் குளிரில்தான் எங்கள் வீட்டுக்கு வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டுகள் வந்தன. ஆளில்லாத அறையை எதற்குச் சூடாக்குவான் என்பதுதான் தத்துவம். ஒவ்வோர் அறையிலும் உள்ளங்கையளவு பெட்டி ஒன்று வெப்பத்தை அளந்து, ஹீட்டருக்குக் கம்பியில்லாமலே "எரி", "நில்" என்று சொல்லும். எல்லாம் என் கைபேசியில் தெரியும். ஒரு பாகை குறைத்தால் சூடாக்கும் செலவில் 5 சதவீதம் மிச்சம் என்பது இங்கு பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஐந்து அறைகளிலும் நாலு நாலு பாகை குறைத்தால் நூறு சதவீதமும் மிச்சம் என்று மனைவிக்கு விளக்கினேன். அவர் கணக்காளர். பதில் சொல்லவில்லை.

அறைத் தெர்மோஸ்டாட்டின் மூலவர் ஒரு வாத்தியார். அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்து வைட்வாட்டர் ஆசிரியர் கல்லூரியில் படிப்பித்த வாரன் ஜான்சன். குளிர்காலத்தில் கட்டடப் பராமரிப்பாளர் வகுப்பு வகுப்பாக நுழைந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டு, கீழே போய் அடுப்பின் காற்றுத் தட்டியைத் திருகுவாராம். பாடம் குழம்புகிறதே என்று, அறையின் வெப்பம் மாறினால் கீழே மணியடிக்கும் மின்கருவி ஒன்றைச் செய்து 1883இல் காப்புரிமை பெற்றார் ஜான்சன். அறைக்குள் ஆள் நுழையாமலிருக்கச் செய்த கருவி அது. என் வீட்டிலோ அது வந்த பிறகுதான் நான் அறை அறையாக நுழையத் தொடங்கினேன்.

முதலில் அம்மாவின் அறை. "கூட்டி விட்டால் கெதியாச் சூடாகும் தம்பி" என்று 30க்கு ஏற்றிவிடுவார். 1000 வாட் ஹீட்டர் 22இல் வைத்தாலும் 30இல் வைத்தாலும் அதே 1000 வாட்டில்தான் எரியும், வேகம் கூடாது, எங்கே நிற்பது என்பதுதான் மாறும் என்று விளக்கினேன். "அப்ப ஏன் அது நிக்கவேணும்?" என்றார்.

மகன் இங்கே பிறந்தவன். நோர்வேக்காரர் பலரைப் போல யன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டு, 15 பாகையில்தான் படுப்பான். மகளின் அறைக்கு 21 என்று நான் விதித்தேன். ஆனால் அவளுடைய ஹீட்டர் நிற்பதே இல்லை. கைபேசி எந்நேரமும் 18 என்று அழுதுகொண்டிருந்தது. போய்ப் பார்த்தால், பெட்டி யன்னல் கண்ணாடியோடு ஒட்டி நிற்கிறது. வெளியே மைனஸ் 10. கண்ணாடியடியில் 21 வருவதற்குள் அவளுடைய கட்டிலில் சித்திரை வெயில். பௌதிகத்தில் கெட்டிக்காரி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னது சும்மா இல்லை.

சாமியறையில் இதற்கு நேர்மாறு. பெட்டியில் பச்சை வெளிச்சம் மினுங்குகிறதே என்று, அம்மா அதைப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். விளக்குச் சூட்டில் அது 28 காட்டும், ஹீட்டர் படுத்துவிடும். அந்த ஓர் அறையின் நிர்வாகத்தில் மட்டும் நான் தலையிடவில்லை.

குசினிப் பெட்டி இன்னும் கெட்டித்தனமானது. வெப்பநிலை சட்டென்று விழுந்தால், யாரோ யன்னலைத் திறந்துவிட்டார்கள் என்று கண்டுபிடித்து ஹீட்டரை நிறுத்திவிடும். அதைச் செய்தவர்கள் மிளகாய்த்தூள் பூசி மீன் பொரிக்காத சனம். பொரிக்கும்போது யன்னல் திறக்காவிட்டால், மறுநாள் மகனின் ஜாக்கெட்டே வகுப்பில் எங்கள் சாப்பாட்டைச் சொல்லிவிடும். ஆகவே உள்ளே புகை, வெளியே பனி, ஹீட்டர் வேலைநிறுத்தம். மனைவி கம்பளித் தொப்பியோடு நின்று பொரிப்பார்.

இத்தனையையும் தாங்கலாம், கதவைத்தான் தாங்க முடியவில்லை. அறைக்கொரு வெப்பநிலை வேண்டுமென்றால் கதவு பூட்டியிருக்க வேண்டும். எங்கள் வீட்டில் கதவு சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவர் கோபித்துக்கொண்டார் என்று பொருள். "ஆரோட கோவம்?" என்று கேட்டபடியே அம்மா திறந்துவிடுவார். உடனே அவருடைய அறைச் சூடு புறப்பட்டு, ஹோலைத் தாண்டி, மகனின் அறைக்குள் நுழைந்து, அவனுடைய யன்னல் வழியாக ஒஸ்லோவுக்குப் போகும். நகரசபை எனக்கு ஒரு நன்றிக் கடிதமாவது அனுப்பலாம்.

2022 ஜூலையில் மின்கம்பிக் கட்டணமும் மாறியது. மாதத்தில் வெவ்வேறு நாட்களில் நாங்கள் ஆகக்கூடுதலாக இழுத்த மூன்று மணித்தியாலங்களின் சராசரிதான் அந்த மாதத்துக் கட்டணப் படியைத் தீர்மானிக்கும். 2025 அக்டோபரில் ஒஸ்லோ பக்கம் வரியோடு யூனிட்டுக்கு 50 ஓரே என்ற நிலையான விலை வந்து, எடுத்தவர்கள் விலை பார்ப்பதை விட்டார்கள். கம்பிக் கட்டணம் அவர்களையும் விடவில்லை. எல்லா ஹீட்டரும் ஒன்றாக எரியாதபடி, ஊரில் பங்குக் கிணற்றுக்கு முறை வைத்ததுபோல முறை வைத்தேன்.

அப்போதுதான் மகளின் பிறந்தநாள் வந்தது. ஹோலில் இருபது பேர். கைபேசியைப் பார்த்தேன், ஹீட்டர்கள் தாமாகவே நின்றிருந்தன. சும்மா இருக்கும் மனித உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பம் விடும். இருபது பேரென்றால் 2000 வாட், இரண்டு ஹீட்டர், ஒரு சதமும் செலவில்லை! இனி விலை ஏறும் பின்னேரங்களிலெல்லாம் ஆட்களைக் கூப்பிடலாமே என்று குசினிக்குள் போய்ச் சொன்னேன்.

நாலு அடுப்பிலும் சட்டி, ஓவனுக்குள் கேக். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை.

"இஞ்சேருங்கோ, இப்ப எத்தினை வாட் இழுக்குதெண்டு அந்தப் போனிலயே பாருங்கோ."

அந்த மாதத்தின் மூன்று உச்ச மணித்தியாலங்களில் முதலிடம் அதற்குத்தான்.