காதில் பூ, கப்பில் தயிர்

அமெரிக்காவில் ஆக்டிவியா என்று ஒரு தயிர். தினமும் ஒரு கப் சாப்பிட்டால் மலச்சிக்கல் தீரும் என்றது டானன் நிறுவனத்தின் விளம்பரம். விஞ்ஞானமே நிரூபித்துவிட்டதாம். ஹாலிவுட் நடிகை ஜேமி லீ கர்ட்டிஸ் டிவியில் வந்து நாட்டு மக்களின் குடலுக்காகக் கவலைப்பட்டார். அதே நிறுவனத்தின் இன்னொரு பானம் சளி, காய்ச்சல் வராமல் காக்கும் என்றார்கள். டாக்டர்கள் எல்லாம் கடையை மூட வேண்டியதுதான் பாக்கி.

2010 டிசம்பரில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், ஆதாரம் போதாது என்றது. சளிக் கதையை நிறுத்து. மலச்சிக்கல் தீரும் என்று சொல்வதானால், அதற்கு நாளைக்கு மூன்று கப் சாப்பிட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல். கவனித்தீர்களா? பிடிபட்டவனுக்குக் கிடைத்த தண்டனை, மூன்று மடங்கு வியாபாரம்!

39 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களோடு 2.1 கோடி டாலருக்கு சமரசம். வாங்கி ஏமாந்தோம் என்று வழக்குப் போட்டவர்களுக்குத் தனியாக இன்னும் சில கோடி டாலர். ஆனால் தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. தவறே செய்யாதவர் எதற்காக இத்தனை கோடியை எடுத்து வைத்தார்? மொய்யா?

ஆக்டிவியாவில் சேர்த்த பாக்டீரியாவுக்கு ஆய்வுக்கூடத்தில் டிஎன்-173 010 என்று பெயர். இந்தப் பெயரோடு போனால் யார் வாங்குவார்கள்? அமெரிக்க டப்பாவில் அது 'பிஃபிடஸ் ரெகுலாரிஸ்' ஆனது. பிரிட்டன் டப்பாவில் 'பிஃபிடஸ் டைஜெஸ்டிவம்'. ஊருக்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டு திரிபவரைப் பிடித்தால் போலீஸ் விடுமா? தயிருக்குள் இருந்தால் விட்டுவிடுகிறார்கள்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இன்னும் கறார். 'ப்ரோபயாடிக்' என்று, அதாவது உடலுக்கு நல்லது செய்யும் நுண்ணுயிர் என்று சொல்லி விற்கும் கம்பெனிகள் கொண்டுபோய்க் கொடுத்த வாக்குறுதிகளில் ஏறக்குறைய அத்தனையையும் தள்ளிவிட்டது. தேறிய ஒன்று: பாலில் உள்ள லாக்டோஸ் சிலருக்குச் செரிக்காது, உயிருள்ள தயிர்ப் பாக்டீரியா அதற்கு உதவும். இந்தப் பெருமை சாதாரணத் தயிருக்கே உண்டு!

பாக்டீரியா மேல் எனக்குப் பகையில்லை. குறிப்பிட்ட வகை, குறிப்பிட்ட அளவு, குறிப்பிட்ட நோய் என்றால் சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆன்டிபயாடிக் மாத்திரையால் வரும் பேதி ஓர் உதாரணம். ஒரு வகைக்குக் கிடைத்த சான்றிதழைக் காட்டி இன்னொரு வகையை விற்பதுதான் அயோக்கியத்தனம். கோடிக்கணக்கில் நுண்ணுயிர் என்கிறார்கள். தயாரித்த அன்றா, நாம் குடிக்கும் அன்றா? செத்ததையும் சேர்த்து எண்ணினார்களா?

இந்தியாவிலும் விதி இருக்கிறது. ப்ரோபயாடிக் என்று விற்றால் ஒரு நாளைக்கான அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிர் வேண்டும். குறைந்தால் ஆதாரம் காட்ட வேண்டும். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து எண்ண யார் இருக்கிறார்கள்?

அதனால் டப்பாவை நீங்களே திருப்பிப் பாருங்கள். எந்த வகை, எத்தனை, எந்தத் தேதி வரை உயிரோடிருக்கும் என்று போட்டிருக்கிறதா? இல்லையென்றால் அது வெறும் தயிர். தயிர் விலைக்குக் கேளுங்கள்.