விரித்த கைதான் மடிக்க வேண்டும்

எங்கள் வீட்டில் ஜமக்காளம் துவைக்கும் நாள் மார்கழிக் கடைசியில் வரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன்பே ஐந்து ஜமக்காளங்களும் வாசலுக்கு வந்துவிடும். ஐந்தும் பவானியில் நெய்தவை. நான்கில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக நிறங்கள் ஓடும். ஐந்தாவதற்குக் கரையில் பளபளவென்று பூவேலை. எல்லாவற்றிலும் ஒரு மூலையில் அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், பெயரெழுத்து இரண்டு, நூலிலேயே நெய்திருக்கும். ஊரில் யார் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து என்றாலும் அவை போய்வரும். திரும்பி வர அந்த எழுத்துதான் அடையாளம்.

துவைக்கும் நாளன்று என் பாட்டி, நாங்கள் ஆத்தா என்று கூப்பிடுபவர், எங்களை முதலில் தண்ணீர்ப் பக்கமே விடமாட்டார். ஜமக்காளத்தைச் சுற்றுச்சுவர் மேல் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி போட்டு, பூவரசங்குச்சியால் தட்டச் சொல்வார். "மண்ணு காஞ்சிருக்கறப்பவே போயிரோணும் அம்மிணி. நனைஞ்சா சேறாயி நூலுக்குள்ள உக்காந்துக்கும்" என்பார். கைப்பிடி மண்ணாவது உதிரும். பிறகு திருப்பிப் போட்டு மேல்பக்கம். இரண்டு பக்கமும் தட்டி, தூசி பறப்பது நின்ற பிறகுதான் அடுத்த வேலை.

அடுத்தது கறை. கல்யாணத்துக்குப் போய்வந்த ஜமக்காளத்தில் மஞ்சள், எண்ணெய், வெற்றிலை எச்சில் மூன்றும் இருக்கும். எண்ணெய் பட்ட இடத்தில் அரிசிமாவைத் தூவி ஒரு பொழுது விட்டுவிடுவோம், மாவு எண்ணெயைக் குடித்துவிடும். வெற்றிலைக் கறைக்கு எலுமிச்சை மூடி. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, மஞ்சள் கறையை நானே போக்குகிறேன் என்று சோப்பை வைத்துத் தேய்த்தேன். மஞ்சள் கண்ணெதிரே குங்கும நிறமானது. பயந்துபோய் அழுதேன். ஆத்தா திட்டவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, அந்த இடத்தை மட்டும் வெயில் படும்படி விரித்துவைத்தார். சாயங்காலத்துக்குள் கறை வெளுத்துப்போனது. மஞ்சளுக்குக் காரம் பட்டால் சிவக்கும் குணமும், வெயில் பட்டால் நிறம் விடும் குணமும் உண்டு என்று பிறகு படித்தேன். ஆத்தாவுக்கு அது படிக்காமலே தெரிந்திருந்தது.

துவைப்பது காலிங்கராயன் வாய்க்காலில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் அது. பவானி ஆற்றிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடுகிறது. மார்கழியில் தண்ணீர் நிறைய வரும். ஜமக்காளத்தைக் கல்லில் அறையக் கூடாது, முறுக்கிப் பிழியவும் கூடாது. பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் அரை மணி நேரம் நனைத்து, படித்துறைக் கல்லில் பரப்பி, காலால் மிதிப்போம். அதற்கு மேல் ஊறவிட்டால் சிவப்பு கசிந்து மஞ்சள் பட்டையில் ஏறிவிடும். புதுசாக இருந்தால் முதல் இரண்டு துவையலுக்கு உப்புத் தண்ணீர்.

நனைந்த ஜமக்காளத்தை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாது. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தண்ணீரை வடியவிடுவார்கள். கொடியில் தொங்கவிட்டால் நடுவில் இழுத்துக்கொண்டு கோணிவிடும். அதனால் வேப்பமர நிழலில் இருந்த அகலமான திண்ணைச் சுவரின் மேல் பரப்பி உலர்த்துவோம். மறுநாள் காலையில் கொஞ்சநேரம் இளவெயில். மஞ்சள் கறையை வெளுக்கும் அதே வெயில் சாயத்தையும் வெளுக்கும், அளவோடு காட்ட வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு வேப்பிலையும் வசம்பும் வைத்துச் சுருட்டுவோம். மடிக்க நேர்ந்தால் போன தடவை மடித்த இடத்தில் மடிக்கக் கூடாது. ஒரே இடத்தில் மடிந்துகொண்டே இருந்தால் அந்த வரியில் நூல் இற்றுவிடும்.

இத்தனையும் ஆண்டுக்கு ஒருமுறை. அன்றாடத்துக்கு ஆத்தா வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: "விரிச்ச கைதான் மடிக்கோணும்." விருந்தாளி வந்தால் விரிப்பது, போனதும் வாசலில் நின்று இருவராக உதறுவது, சுருட்டி மூலையில் சாத்துவது. தரையில் ஓரிரவுகூட அது சும்மா கிடந்ததில்லை.

இப்போது நான் கோவையில் ஓர் அடுக்ககத்தில் மகளோடு இருக்கிறேன். புதுவீட்டுக்குக் குடிவந்தபோது அடர்ந்த இழை வைத்த செயற்கைக் கம்பளம் ஒன்று வாங்கினோம். அதன் பாதி சோபாவுக்கு அடியில் போயிற்று. வாரம் இரண்டு முறை வாக்குவம் கிளீனர் ஓடும். ஏதாவது சிந்தினால் துடைக்க நுரைத் திரவம், வாசனைக்கு ஒரு தூள். ஆத்தாவிடம் இருந்ததைவிடப் பத்து மடங்கு சாதனங்கள் எங்களிடம் இருந்தன.

மூன்றாம் ஆண்டு பேரனுக்கு இழுப்பு வந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, "வீட்டுல கார்ப்பெட் இருக்கா?" என்பதுதான். நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று, ஈரக்கசிவில் பெருகும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகளுக்குக் கம்பள இழையின் அடிவாரம் நல்ல இருப்பிடம் என்று விளக்கினார். அவற்றின் கழிவு மூச்சில் போனால் சில குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது.

அன்று மாலை சோபாவை நகர்த்திக் கம்பளத்தைத் தூக்கினோம். தரையில் மாவு சலித்ததுபோல நுண்மணல். கம்பளத்தின் முதுகில் பூசியிருந்த ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து மணலோடு கலந்திருந்தது. சுவரோரம் ஒரு தட்டளவுக்குக் கரும்பூஞ்சை. கூட்டி அள்ளியபோது ஒரு முறம் நிறைந்தது. இழையின் நுனியைத்தான் நாங்கள் இத்தனை நாளும் சுத்தம் செய்திருக்கிறோம். அடியில் இறங்கிய மணல், ஒவ்வொரு காலடிக்கும் அரம்போல இழையை வேரிலேயே அறுத்துக்கொண்டிருந்தது. கழுவித் தருவதாகச் சொன்ன ஒரு கடையில் கொடுத்தோம். உள்ளீரம் காயாமல் திரும்பி வந்தது, வீடு முழுக்க நனைந்த நாய் வாடை. கடைசியில் அதைக் குப்பை வண்டியில் ஏற்றினோம். மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். அப்பாருவின் ஜமக்காளங்களில் ஒன்று, என் அம்மாவின் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியது, பரணில் இன்னும் இருந்தது.

அதைத் துவைக்க வாய்க்காலுக்குப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ஈரோட்டுச் சாயப்பட்டறைகளும் தோல் தொழிற்சாலைகளும் கழிவைக் கலந்து கலந்து, எங்கள் காலத்திலேயே அந்தத் தண்ணீரைப் பாழாக்கின. சாயத்துணியை அலசி நிறம் காத்த தண்ணீரைச் சாயமே கெடுத்துவிட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. மொட்டைமாடியில் குழாய்த் தண்ணீரில் துவைத்தோம். மகள் ஒரு முனை, நான் ஒரு முனை.

இன்னொன்று வேண்டுமென்று பவானிக்குப் போனேன். அகலமான ஜமக்காளத்தை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. ஒரே குழித்தறியில் இருவர் உட்கார்ந்து நாடாவைக் கைமாற்றிக்கொள்கிறார்கள். நான் பார்த்த தறியில் இருவருக்கும் தலை நரைத்திருந்தது. "பசங்க யாரும் தறிக்குழியில இறங்கறதில்லீங்க" என்றார் ஒருவர். ஜமக்காளத்தைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனாலும் விசைத்தறித் துணி ஜமக்காளம் என்ற பெயரில் மலிவாக விற்கிறது. பேரம் பேசாமல் வாங்கிவந்தேன். இருவர் நெய்வதை, இருவராகத் துவைத்து, இருவராக மடித்தால் அது ஒரு தலைமுறையைத் தாண்டும் என்பதை நான் கண்ணால் கண்டவள்.

எங்கள் கூடத்தில் இப்போது நிரந்தரமாக எதுவும் விரித்துக் கிடப்பதில்லை. தரை வெறுந்தரையாக இருக்கிறது, தினமும் துடைக்கிறோம். யாராவது வந்தால் பேரன் ஜமக்காளத்தை இழுத்துவந்து விரிப்பான். "விரிச்ச கைதான்" என்று நான் தொடங்கினால் மிச்சத்தை அவனே சொல்லிவிடுவான். நேற்றிரவு பக்கத்து வீட்டார் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் போனதும் பால்கனியில் நானும் அவனும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறினோம். கீழே விழுந்ததைக் குனிந்து பார்த்தேன். நாலு சோற்றுப் பருக்கையும் ஒரு சிட்டிகை மண்ணும்.