உதறல் பரிசோதனை

அமெரிக்கர்கள் மடக்குக் கத்தி வாங்குவதைப் பார்த்தால், நம் வீட்டுப் பெரியவர்கள் ஜாதகம் பார்ப்பது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அலகு எந்த எஃகு? டி2 என்றால் கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வியர்வை பட்டால் கறை ஏறும். விஜி-10 ஜப்பான் சரக்கு. லேசில் துரு பிடிக்காது, சாணைக்கும் இணங்கும். எஸ்30வி ஒரு படி மேல், விலை இரண்டு படி மேல். பிடி கண்ணாடியிழையா டைட்டானியமா, அலகு எத்தனை அங்குலம், கையில் எத்தனை கிராம். தினசரி கேரட் நறுக்கவும் பார்சல் பிரிக்கவும் போகிற ஒரு பொருளுக்கு இவ்வளவு பொருத்தமும் பார்த்தாக வேண்டுமாம்.

பார்க்கட்டும், தப்பில்லை. பூட்டு விஷயத்தில் நானே பார்க்கச் சொல்வேன். பிடிக்குள் மெல்லிய தகடு ஒன்று இருக்கும். அலகு முழுதாக விரிந்ததும் அது நகர்ந்து அலகின் பின்புறம் முட்டுக் கொடுக்கும். கட்டைவிரலால் தள்ளினால்தான் மறுபடி மடங்கும். வேலை நடுவே கத்தி மடங்கி விரல் போகாமல் காப்பது அந்தத் தகடு. அதே தகட்டில் கடுகளவு உருண்டை ஒன்றும் உண்டு. கத்தி மூடியிருக்கும்போது அது அலகில் உள்ள சின்னக் குழிக்குள் உட்கார்ந்துகொண்டு, அலகு தானாக வெளியே வராமல் பிடித்து வைக்கும். பழகப் பழகக் குழி தேயும், அச்சுத் திருகு தளரும், பிடிமானம் குறையும். இந்தக் கடுகை நினைவில் வையுங்கள். நியூயார்க்கில் பல்லாயிரம் பேரின் தலையெழுத்து இதன்மேல்தான் எழுதப்பட்டது.

கத்தி வாங்க வழிகாட்டும் நிபுணர்கள் இத்தனையும் கேட்பார்கள், ஒன்றை மட்டும் கேட்க மாட்டார்கள். செருகிக்கொள்ளப் போகிறவர் என்ன நிறம்?

1981இல் ஸ்பைடர்கோ என்ற கொலராடோ கம்பெனி ஒரு கத்தி போட்டது. அலகில் வட்ட ஓட்டை. கட்டைவிரலை அதில் வைத்துத் தள்ளினால் ஒரே கையால் திறந்துவிடும். ஏணிமேல் நிற்கிறவனுக்கு இன்னொரு கை ஏணியைப் பிடிக்க வேண்டுமே. பிடியில் ஒரு கிளிப். பேனாவைப் போலப் பையின் ஓரத்தில் மாட்டிக்கொள்ளலாம், சாவிக்கொத்துக்கும் சில்லறைக்கும் நடுவே துழாவ வேண்டாம். அந்தக் கத்திக்கு அவர்கள் வைத்த பெயர் 'வொர்க்கர்'. தொழிலாளி. ஓட்டையும் கிளிப்பும் உழைக்கிற கைக்காகவே வந்தவை. பின்னாளில் ஓட்டை குற்றத்துக்குச் சாட்சியானது. கிளிப் போலீஸுக்குத் தகவலாளி ஆனது. பையின் ஓரத்தில் மினுங்கும் ஓர் அங்குல உலோகம் போதும், தெருவில் நிறுத்தலாம், பையில் கைவிடலாம்.

எந்தச் சட்டப்படி? 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் பாராசூட் வீரர்களுக்கு ஒரு விசேஷக் கத்தி இருந்தது. பாராசூட் மரத்தில் சிக்கித் தொங்கும்போது ஒரு கையால் நெம்பைத் தள்ளிப் பிடியைக் கவிழ்த்தால் அலகு தன் எடையாலேயே கீழே நழுவி வெளிவரும், கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்கலாம். ஈர்ப்புக் கத்தி என்று அதற்குப் பெயர். நியூயார்க் மாநிலம் அதைத் தடை செய்தது. சரி, செய்துவிட்டுப் போகட்டும். ஆனால் சட்டத்தை எழுதியவர்கள் புவியீர்ப்போடு நிற்காமல் மையவிலக்கு விசையையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த இயற்பியல் பாடத்தை ரோந்துப் போலீஸ்காரர்கள் கையில் கொடுத்தார்கள்.

பாடம் இப்படி நடக்கும். போலீஸ்காரர் உங்கள் பையிலிருந்து கத்தியை எடுப்பார். ஓட்டையைத் தொட மாட்டார், அப்படித் திறந்தால் அது சாதாரணக் கத்தி. பிடியை இறுகப் பற்றி, பம்பரம் விடுகிறவர்போலக் கையை ஓங்கி மணிக்கட்டைச் சொடுக்கி உதறுவார். வரவில்லையா, இன்னொரு உதறு. இன்னொன்று. 'டக்' என்று அலகு வந்து பூட்டிக்கொண்டால் முடிந்தது: நீங்கள் ஹிட்லரின் பாராசூட் படையில் சேர்ந்துவிட்டீர்கள். ஓராண்டு வரை சிறை. ஏற்கனவே ஏதாவது குற்றத்தில் தண்டனை பெற்றவரென்றால் அதே கத்தி பெருங்குற்றமாக வளர்ந்து ஏழாண்டு வரை போகும். தமிழில் உதறல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது எவ்வளவு வசதி. உதறுவது அவர், உதறல் எடுப்பது நமக்கு.

ஆக, குற்றம் கத்தியில் இல்லை, போலீஸ்காரரின் மணிக்கட்டில் இருக்கிறது. டென்னிஸ் ஆடுகிற கான்ஸ்டபிளிடம் மாட்டினால் உள்ளே, மூட்டு வலிக்காரரிடம் மாட்டினால் வெளியே. ஓர் ஓவியர் கத்தி வாங்கிய கையோடு வெவ்வேறு சமயத்தில் இரண்டு போலீஸ்காரர்களிடம் காட்டி, இது சட்டத்துக்கு உட்பட்டதுதானா என்று கேட்டிருக்கிறார். அவர்களும் உதறிப் பார்த்திருக்கிறார்கள், திறக்கவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 2010இல் மூன்றாவது சந்திப்பில் திறந்துகொண்டது, கைது. 2013இல் ஒரு சமையல்காரர், கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில். நாலைந்து முறை உதறிய பிறகு வந்ததாம் அலகு. நாலைந்து முறை உதறினால் என் வீட்டு அலமாரிக் கதவுகூடத் திறந்துகொள்ளும். அதற்கு நான் எத்தனை ஆண்டு உள்ளே இருக்க வேண்டும்?

இவை நீதிமன்றம்வரை போய்ப் போராட வாய்த்தவர்களின் கதைகள். மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. லாக்கப்பில் ஒரு ராத்திரி, காலையில் ஏதோ ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொள், வீட்டுக்குப் போ, வேலை போயிருந்தால் வேறு தேடு. 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகை 2014இல் போட்ட கணக்குப்படி பத்தாண்டுகளில் இப்படி 60,000 கைதுகள் வரை நடந்திருக்கலாம். ஏழைகளுக்கு வாதாடும் சட்ட உதவி அமைப்பு தன்னிடம் வந்த கத்தி வழக்குகளை எண்ணிப் பார்த்தது. ஐந்தில் நாலு பேருக்கும் மேல் கறுப்பர்கள் அல்லது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். மையவிலக்கு விசைக்கு நிறம் தெரியும் என்று நியூட்டன் எழுதாமல் விட்டுவிட்டார்.

கத்தியை விற்றவர்கள்? ஒளித்து வைத்து விற்ற சந்துக்கடைக்காரர்கள் இல்லை ஐயா. ஹோம் டிப்போ! சுத்தியலும் பெயின்ட் டப்பாவும் அடுக்கி வைத்த வெளிச்சமான கடை, பில் போட்டு, பையில் போட்டு, நன்றி சொல்லி அனுப்புகிற கடை. 2010இல் மன்ஹாட்டன் அரசு வழக்கறிஞர் சைரஸ் வான்ஸ் இந்தக் கடைகள்மேல் பாய்ந்தார். விளையாட்டுச் சாமான் கடைகள் உட்படச் சில கடைகள் சேர்ந்து ஏறக்குறைய 19 லட்சம் டாலர் கட்டின, இனி விற்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டன, வழக்கு இல்லாமல் போனது. விற்றவனுக்கு ஒப்பந்தம், வாங்கியவனுக்கு விலங்கு. ரசீதை நீட்டினாலும் பயனில்லை. அது தெரியாமல் வாங்கினேன் என்பதற்குச் சான்றாகாது, வைத்திருந்தேன் என்பதற்குத்தான் சான்று.

சட்டத்தில் ஈரமே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் உரிமம் வைத்திருப்பவர் அந்த வேலைக்காக ஈர்ப்புக் கத்தி வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு இருந்தது. அடுப்பங்கரையில் பத்து மணி நேரம் நிற்கிறவர் கத்தி வைத்திருந்தால் ஆபத்து, ஆற்றங்கரையில் பொழுது போக்குகிறவர் வைத்திருந்தால் ஆனந்தம். அந்தச் சமையல்காரர் 42ஆம் தெருவில் தோளில் ஒரு தூண்டிலும் மாட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டும், பாவம் யோசனை போதவில்லை.

சட்டத்தை மாற்றச் சொல்லி மாநிலத்தின் இரண்டு அவைகளும் மசோதா நிறைவேற்றி அனுப்பின. ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ 2016இல் திருப்பியனுப்பினார். 2017இல் மறுபடியும். போலீஸும் அரசு வழக்கறிஞரும் எதிர்த்தார்களே, அவர்கள் மனம் நோகலாமா. 2019 மார்ச்சில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர், இந்தச் சமையல்காரர் வழக்கில், தன் கத்தி குற்றமா இல்லையா என்று ஒரு மனிதன் தெரிந்துகொள்ளவே வழியில்லை என்று எழுதினார். இதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டார். மே 30 அன்று தடையை நீக்க ஆளுநரின் பேனா ஒருவழியாகத் திறந்தது. எத்தனை உதறலுக்குப் பிறகு!

இப்போது டூட்டிக்கு வருவோம். கத்திக் கம்பெனிகளின் விலைப்பட்டியலில் 'டூட்டி' கத்தி என்று தனி வகுப்பு உண்டு. நம்மூரில் டூட்டி எல்லோருக்கும் பொது. வாட்ச்மேனுக்கு நைட் டூட்டி, நர்சுக்கு வார்டு டூட்டி, கண்டக்டர் டூட்டி முடிந்து டிப்போவில் கணக்குக் கொடுப்பார். கடன் வாங்கிய சொல்தான், ஆனால் நாம் அதை ஊருக்கே பங்கு வைத்துவிட்டோம். சொல்லின் சொந்தக்காரர்களுடைய பட்டியலில் டூட்டி என்றால் சீருடை. கிடங்கில் விடிய விடிய அட்டைப்பெட்டி அறுப்பவன், நாடகக் கொட்டகையில் கயிறு கட்டுபவன், ஒயர் உரிக்கிற எலெக்ட்ரீஷியன், இவர்கள் செய்வதெல்லாம் டூட்டி இல்லை போலும். அந்தச் சட்டம் போலீஸுக்குப் பொருந்தாது என்று சட்டமே சொன்னது. அதே எஃகு, அதே கடுகு, அதே கிளிப். உதறிச் சோதித்தவரின் பையில் தொங்கியதை உதறிப் பார்க்க யாரும் இல்லை.

டூட்டிக் கத்திகள் பலவற்றில் ரம்பப் பல் இருக்கும். எதற்கு? விபத்தில் சிக்கியவரின் சீட் பெல்ட்டை அறுக்க.

2015 ஏப்ரல் 12 காலை, மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோரில் போலீஸைப் பார்த்து ஓடினார் 25 வயது கறுப்பின இளைஞர் ஃப்ரெடி கிரே. துரத்திப் பிடித்தார்கள். பையில் கிளிப் போட்ட ஒரு மடக்குக் கத்தி. ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்தி, குற்றம் என்று எழுதிக்கொண்டார்கள். கைக்கும் காலுக்கும் விலங்கு போட்டு வேனுக்குள் கிடத்தினார்கள். சீட் பெல்ட் போடவில்லை. வண்டி ஊர் சுற்றி நிலையம் சேர்ந்தபோது அவர் கழுத்துத் தண்டுவடம் சிதைந்திருந்தது. ஒரு வாரத்தில் இறந்தார். மே 1 அன்று பால்டிமோர் அரசு வழக்கறிஞர் மரிலின் மோஸ்பி, அந்தக் கத்தி மேரிலாந்து சட்டப்படி தடையில்லாத கத்தி என்று அறிவித்தார். போலீஸ் தரப்பு கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு போலீசார்மேல் வழக்கு வந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை. நகரம் குடும்பத்துக்கு 64 லட்சம் டாலர் கொடுத்துக் கோப்பை மூடியது. ரம்பப் பல் வைத்த டூட்டிக் கத்திக்கு அன்று அந்த வேனில் வேலையே இருக்கவில்லை. அறுப்பதற்குப் பெல்ட் போட்டிருந்தால்தானே.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் நியூயார்க்கில் ஒரு கத்தி வாங்கத்தான் போகிறேன் என்கிறீர்கள். 2019க்குப் பிறகு உதறல் பயம் இல்லைதான். ஆனால் நகரத்துக்கென்று தனி விதி இருக்கிறது. அலகு நாலு அங்குலத்தைத் தொடக் கூடாது. பொது இடத்தில் கத்தி வெளியே தெரியக் கூடாது. தெரிவது என்றால்? பையின் ஓரத்தில் எட்டிப் பார்க்கும் கிளிப் தெரிவதில் சேருமா என்று கேட்டால் பதில் சொல்லப் போகிறவர் எதிரே நிற்கும் போலீஸ்காரர்தான், அதனால் நீங்கள் கேட்காமல் இருப்பதே நல்லது. மூன்று அங்குல விஜி-10, தகட்டுப் பூட்டு, கறுப்புக் கிளிப். திருகை மாதம் ஒரு முறை முறுக்கிக்கொள்ளுங்கள். கிளிப் தெரியாமல் சட்டையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். இழுப்பதற்கு முன் மட்டும் தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். 2011இல் இந்த நகரத்துப் போலீஸ் 6,85,724 முறை ஆட்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தது. ஏன் நிறுத்தினோம் என்று டிக் அடிக்க ஒரு படிவம் வைத்திருந்தார்கள். 'திருட்டுத்தனமான அசைவு' என்று அதில் ஒரு கட்டம் இருந்தது. உங்கள் கை இடுப்புப் பக்கம் போனதை அதில்தான் எழுதுவார்கள்.